சர்வர் மக்கர் பண்ணுதா? லாக் பார்க்க, செட்டிங் மாற்ற ஒரே சொல் போதும் - எளிய விளக்கம்

கோபிசெட்டிபாளையத்தில் வீட்டில் இருந்தபடியே வெளியூர் கம்பெனியின் சர்வரைக் கவனிப்பவரா நீங்கள்? ராத்திரி 12 மணிக்கு போன் வரும். "வெப்சைட் ஓப்பன் ஆகலைங்க, கொஞ்சம் பாருங்க." தூக்கக் கலக்கத்தில் நீளமான கட்டளையை டைப் செய்தால் ஒரு எழுத்து மாறிப்போகலாம்.

ஒரு சின்னத் தவறு என்ன செய்யும்?

2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேமிப்பு சேவையில் சில சர்வர்களை மட்டும் நிறுத்த ஊழியர் ஒருவர் கட்டளை கொடுத்தார். அதில் ஒரு விவரம் தப்பாகிவிட, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நின்றுபோயின. அதை நம்பியிருந்த ஏராளமான இணையதளங்கள் சில மணி நேரம் தடுமாறின.

அலியாஸ் என்றால் என்ன?

லினக்ஸில் நீளமான கட்டளைக்கு நாமே வைக்கும் செல்லப்பெயர்தான் அலியாஸ். அதை ஹோம் ஃபோல்டரில் உள்ள 'பாஷ்ஆர்சி' ஃபைலில் எழுதி சேமிக்க வேண்டும். பெயருக்கும் சமக்குறிக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. புது டெர்மினல் திறந்தால் ஷார்ட்கட் ரெடி.

லாக் பார்ப்பது எப்படி?

'டெயில்' கட்டளை ஃபைலின் கடைசி 10 வரிகளைக் காட்டும். கூடவே '-எஃப்' சேர்த்தால், டிவி நேரலை மாதிரி புது வரிகள் வர வர ஓடும். இதற்கு ஒரு அலியாஸ் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஃபைல் என்றால் 'லெஸ்' வசதி. அதில் சாய்கோடு போட்டுத் தேடலாம், 'க்யூ' அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

செட்டிங் மாற்றும்போது கவனம்

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஃபைலைத் திறக்க மட்டும் ஷார்ட்கட் வைத்தால் போதாது. மூன்று வேலைகளை அதில் கோர்த்துவிடுங்கள்:

1. பழைய ஃபைலைத் தேதியோடு நகல் எடுப்பது
2. எடிட்டரில் திறப்பது
3. மாற்றியதைச் சோதிப்பது

நடுவில் '&&' போட்டால், முந்தையது சரியாக முடிந்தால்தான் அடுத்தது ஓடும். என்ஜின்எக்ஸ் சர்வரில் '-டி' கொடுத்தால், செட்டிங்கில் பிழை இருக்கிறதா என்று சொல்லிவிடும். அலியாஸை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இரட்டை மேற்கோள் என்றால் டெர்மினல் திறந்த நாளின் தேதியே ஒட்டிக்கொள்ளும்.

எதை ஷார்ட்கட் ஆக்கக்கூடாது?

ஃபைலை அழிப்பது, சர்வரை ரீஸ்டார்ட் செய்வது, இந்த இரண்டையும் யோசித்து, முழுசாக டைப் செய்தே கொடுங்கள். வேகம் பார்ப்பதற்குத்தான், அழிப்பதற்கு இல்லை.

பழகிப் பார்க்க ஆபீஸ் சர்வர் வேண்டாம். தமிழக அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் பரணில் கிடக்கிறதா? ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் டெர்மினலைத் திறந்து தாராளமாகத் தப்பு பண்ணிப் பழகலாம்.