கைக்குழந்தையோடு நெடுந்தீவுக்கு இடமாற்றமா? படகு ஏற முன் பார்க்க வேண்டியவை!

யாழ்ப்பாணம்: இடமாற்றக் கடிதம் கைக்கு வந்ததும் வீட்டில் முதலில் வரும் கேள்வி "எந்த இடம்?" என்பதுதான். "நெடுந்தீவு" என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி உடனே வரும். "அப்ப பிள்ளையளை என்ன செய்யிறது?"

ஆசிரியர்கள், தாதியர், அரச அலுவலர்கள் என்று பலர் வேலைக்காக இந்தத் தீவுக்குப் போகின்றனர். பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியே போய், வெள்ளிக்கிழமை படகுக்கு ஓடி வருபவர்கள் உண்டு. குடும்பத்தோடு போய் இருப்போம் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி நினைப்பவர்களைச் சொந்தக்காரர் பயமுறுத்துவதே அதிகம். இதில் எது உண்மையான கஷ்டம், எது வெறும் கதை?

பாலம் இல்லாத தீவு

புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை எல்லாம் தீவகம்தான். ஆனால் அங்கெல்லாம் பஸ்ஸில் போகலாம். நெடுந்தீவுக்குத் தரைவழி கிடையாது. யாழ். நகரில் இருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சுமார் 30 கிலோமீற்றர். அங்கிருந்து படகில் ஏறினால் சுமார் ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும்.

தீவின் பரப்பளவு சுமார் 50 சதுர கிலோமீற்றர். சனத்தொகை சுமார் 4 ஆயிரம்.

நெடுந்தீவு என்றால் குமுதினிப் படகுதான் எல்லோர் நினைவுக்கும் வரும். 1985 மே 15 இல் அந்தப் படகில் வைத்துப் பெண்கள், குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டதைத் தீவு மக்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். 2017 இல் நெடுந்தாரகை என்ற பயணிகள் படகும் சேவைக்கு விடப்பட்டது. இருந்தாலும் எந்தப் படகு ஓடுகிறது, எது திருத்த வேலைக்குப் போயிருக்கிறது என்பது அடிக்கடி மாறும். முதல் நாளே விசாரித்துவிட்டு வெளிக்கிடுவதுதான் புத்தி.

காற்று மாறினால் கணக்கும் மாறும்

வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். காலநிலை மோசமானால் படகுச் சேவை நிறுத்தப்படும். ஒரு நாளா, மூன்று நாளா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எனவே சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பால்மா, பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து, பரசிற்றமோல் பாணி, ஜீவனி ஆகியவை ஒரு வாரத்துக்காவது மேலதிகமாக இருக்க வேண்டும். "முடிஞ்சா வாங்குவம்" என்ற பேச்சு அங்கே சரிவராது. முடியுமுன் வாங்க வேண்டும்.

படகில் பிள்ளைக்கு அளவான உயிர்காப்பு அங்கி முக்கியம். பெரியவர்களின் அங்கி குழந்தையின் தலைவழியே கழன்றுவிடும். அடிக்கடி போய்வரும் குடும்பம் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைப்பது நல்லது. ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்தால் பாதி வழியில் சத்தி எடுக்கும். இதுவும் கவனிக்க வேண்டியது.

காய்ச்சல் வந்தால்?

பெற்றோரின் பெரிய பயம் இதுதான். தீவில் பிரதேச வைத்தியசாலை உள்ளது. சாதாரண வருத்தத்துக்கு அங்கேயே பார்க்கலாம். கடுமையான நோயாளரை யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படகுதான் வழி. அவசரத்தில் கடற்படைப் படகிலும், சில வேளைகளில் விமானப்படை ஹெலிகொப்டரிலும் நோயாளர் கொண்டுவரப்பட்டுள்ளனர்.

இங்கே விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. நகரத்தில் "விடிய ஒருக்கால் காட்டுவம்" என்று இருந்துவிடலாம். தீவில் விடியும்போது கடல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆகவே தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டினால்தான், மாற்றுவதா இல்லையா என்று அவர் நேரத்தோடு முடிவெடுக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் என்றாலும் உடனே காட்ட வேண்டும். மாரி காலம் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலம். காய்ச்சலோடு விடாத வாந்தி, வயிற்று வலி, சோர்ந்து தூங்குதல், சலம் குறைதல் இருந்தால் ஒரு மணித்தியாலமும் பொறுக்கக் கூடாது.

தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. 2, 4, 6, 9, 12, 18 மாதங்கள், பிறகு 3 வயது, 5 வயது என்று அட்டவணை உண்டு. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோய், போன வாரமே அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துவிட வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் பிரசவ நாளுக்கு முன்கூட்டியே யாழ்ப்பாணம் வந்து தங்குவது பாதுகாப்பு.

தண்ணீரும் மின்சாரமும்

தீவின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். நிலத்தடி நல்ல தண்ணீர் மெல்லிய படையாகக் கடல்நீருக்கு மேல் நிற்கிறது. அதிகம் இறைத்தால் உவர் ஏறிவிடும். அதனால் பல கிணறுகள் உப்பு. குளிக்க ஒரு தண்ணீர், குடிக்க ஒரு தண்ணீர் என்று பழக வேண்டும். வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்க முன், "குடிதண்ணி எங்க எடுக்கிறது?" என்று கேளுங்கள். குழந்தைக்குப் பால் கரைக்க உவர்த் தண்ணீரைப் பாவிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது.

கட்டு இல்லாத கிணறு வளவில் இருந்தால் முதல் வேலை அதை மூடுவதுதான். தவழும் பிள்ளைக்குக் கடலைவிடக் கிட்ட இருக்கும் ஆபத்து அதுவே.

மின்சாரத்துக்கு நீண்டகாலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவு இது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்றாலை மூலம் மின்சாரம் வழங்க இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச் 1 ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது.

பள்ளிக்கூடம் இருக்கிறதா?

இருக்கிறது. தீவகக் கல்வி வலயத்தின் கீழ்ப் பாடசாலைகள் இயங்குகின்றன. பிரச்சினை ஆசிரியர் பற்றாக்குறைதான். வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்பதால் ஆரம்ப வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்க முடியும். மேல் வகுப்புக்குப் போகப் போகப் பாட ஆசிரியரும் ரியூசனும் தேடிக் கரைக்கு வர வேண்டிய நிலை. எனவே ஐந்தாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளைகளோடு போவது சுலபம். சாதாரண தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பவளக் கல்லை அடுக்கிய மதில்கள், வெட்டவெளியில் மேயும் குதிரைகள், பெருக்கு மரம், சனநெரிசல் இல்லாத வீதி. பிள்ளை ஓடி விளையாட இடத்துக்குப் பஞ்சமில்லை. குதிரைக்குக் கிட்டப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு வருபவர்கள் வெள்ளிக்கிழமை போய்விடுகிறார்கள், ஆண்டு முடிய மாற்றம் கேட்கிறார்கள் என்பது தீவுப் பெற்றோரின் நெடுநாள் மனக்குறை. குடும்பத்தோடு வந்து இருக்கும் ஒரு ஆசிரியரின் பிள்ளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தால் வகுப்பில் ஒரு தலை கூடும். அந்த ஆசிரியர் சனி, ஞாயிறிலும் ஊரில் இருப்பார். அது அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் லாபம்.

போவதா இல்லையா என்று முடிவெடுக்க முன், ஒரு தடவை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலைப் படகில் போய் வைத்தியசாலை, பள்ளிக்கூடம், கிணறு மூன்றையும் பார்த்து வாருங்கள். திரும்பும் படகின் நேரத்தை மட்டும் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்!