வீடு வாங்கும் முன் டிரக் கதவைத் திறவுங்கள்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டாலஸில் இருக்கும் அவருடைய தம்பி இந்த வருஷத்தோடு வேலையை விடுகிறாராம். பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் குடியேறி, அமெரிக்கா முழுக்கச் சுற்றப் போகிறாராம். "நாலு படம் அனுப்பி எது தேவலை என்று என்னைக் கேட்கிறான். எனக்கு மாட்டு வண்டியைத் தவிர ஒன்றும் தெரியாது. நீங்கள் எழுதினால் கத்தரித்து அனுப்பிவிடுவேன்" என்கிறார்.

மாட்டு வண்டி தெரிந்தவருக்கு இதில் முக்கால்வாசி தெரியும். அதற்கு வருகிறேன்.

அந்த நாலு படத்தையும் பார்த்தேன். நாலும் சமையலறைப் படங்கள். நடுவில் மேடை, மேலே தொங்கும் விளக்கு, எதிரே மின்சாரக் கணப்பு, அதன் மேல் ஆளுயர டிவி. டெக்ஸஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பொழுது போகாத சாயங்காலங்களில் இந்த டிரெய்லர் விற்கும் மைதானங்களுக்குப் போய் வேடிக்கை பார்ப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் படியேறி நேராக உள்ளே போவார்கள், சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள், குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடுவார்கள். குனிந்து அடியைப் பார்த்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தவரும் இல்லை. விற்பவருக்கு இது தெரியும். அதனால்தான் காசையெல்லாம் சமையலறையில் கொட்டுகிறார்கள்.

சாதாரண டிரெய்லர், இழுக்கும் வண்டியின் பம்பருக்குப் பின்னால் ஒரு குண்டில் மாட்டப்படுகிறது. ஃபிஃப்த் வீல் அப்படியில்லை. அதன் முன்பகுதி மாடிபோல எழும்பி, பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் வந்து உட்காருகிறது. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு எஃகு முளை கீழ்நோக்கி நிற்கும். அதற்குக் கிங்பின் என்று பெயர். தொட்டியில் பதித்திருக்கும் கொண்டியின் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். ஆறேழு டன் வீட்டை, கட்டில் பீரோ சகிதம், இந்த இரண்டு அங்குலம்தான் இழுத்துப் போகிறது.

இப்போது மாட்டு வண்டி. மூட்டை அடுக்கும்போது பின்பாரம் ஏறினால் என்ன ஆகும்? நுகத்தடி மேலே தூக்கும், மாடு தரையில் கால் பாவாமல் திணறும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து புண்ணாகும். இரண்டுக்கும் நடுவில், நுகத்தில் கொஞ்சம் பாரம் நிற்கிற மாதிரி அடுக்கத் தெரிந்தவன்தான் வண்டிக்காரன். டிரெய்லருக்கும் இதே கணக்குதான். பின்பாரம் ஏறினால் அது நெடுஞ்சாலையில் வாலை ஆட்டத் தொடங்கும். பம்பரில் மாட்டிய டிரெய்லர் ஆடினால் அந்த ஆட்டம் டிரக்கையே திருப்பிப் போடும். காரணம், குண்டு பின் அச்சுக்கு நாலைந்து அடி தள்ளி இருப்பதால் அது நெம்புகோலாக வேலை செய்கிறது. ஃபிஃப்த் வீலில் கொண்டி பின் அச்சுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்கிறது. பக்கவாட்டில் எவ்வளவு உதைத்தாலும் நெம்புவதற்கு நீளம் கிடையாது. குறுக்குக் காற்று வீசும் சமவெளியில் பெரிய டிரெய்லரை இழுப்பவர்கள் இதை விரும்புவது இதனால்தான்.

இந்த இணைப்பை நினைத்தாலே எனக்கு கிளென் கர்டிஸ் ஞாபகம்தான் வரும். விமானச் சரித்திரம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். ரைட் சகோதரர்களோடு வழக்காடியவர், கடல் விமானத்துக்கு வழி போட்டவர். அதற்கும் முன்னால், 1907-ல், தானே செய்த மோட்டார் சைக்கிளில் புளோரிடாக் கடற்கரையில் மணிக்கு 136 மைல் வேகம் போனவர். விமானத் தொழிலில் சம்பாதித்த பிறகு புளோரிடாவில் குடியேறி, 1920-களின் கடைசியில் ஏரோகார் என்று ஒரு டிரெய்லரை உருவாக்கினார். விமான உடலைக் கட்டுவதுபோல மெல்லிய மரச்சட்டமும் முறுக்கிய கம்பிகளும் வைத்துக் கட்டியதால் எடை குறைவு. என்னை மயக்குவது அதன் இணைப்புதான். இழுக்கும் காரின் பின்புறத்தில் காற்றடைத்த விமான டயர் ஒன்றைச் சக்கரத்தோடு படுக்க வைத்தார். டிரெய்லரின் முளை அந்தச் சக்கரத்தின் நடுக்குடத்தில் இறங்கும். சாலையில் பள்ளம் வந்தால் உதை முளைக்குப் போகும், முளை டயரை நசுக்கும், டயர் உதையை விழுங்கிவிடும். காரில் இருப்பவருக்கும் சுகம், டிரெய்லரில் இருப்பவருக்கும் சுகம்.

கர்டிஸ் 1930-ல் இறந்தார், அந்தப் படுத்த டயரும் கொஞ்ச காலத்தில் மறைந்துபோயிற்று. பிறகு வந்தவர்கள் லாரிகளில் இருக்கும் இரும்புக் கொண்டியைச் சின்னதாக்கி டிரக்கில் வைத்தார்கள். இரும்போடு இரும்பு. பிரேக் பிடிக்கும்போதும் மேடு பள்ளத்திலும் டிரெய்லர் டிரக்கை முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே வரும். முதுகுவலிக்காரர்களைக் கேட்டால் தெரியும். இப்போது அதற்கு மருந்தாக, கிங்பின்னைத் தாங்கும் பெட்டியில் காற்றுப்பை வைத்து, அதைத் தனியாக, நல்ல விலைக்கு விற்கிறார்கள். கர்டிஸ் கையில் இருந்த காற்றுதான், பை மட்டும் புதிது. தம்பி வருஷம் முழுக்க ஓடப் போகிறார் என்றால் அந்தச் செலவு தண்டமில்லை. அலமாரித் திருகுகள் கழன்று விழுவதும் குறையும்.

அடுத்து எடை. தம்பி கண்டிப்பாகப் படிக்க வேண்டியது இந்தப் பகுதி.

ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும். 14,000 பவுண்டு, அதாவது சுமார் 6,350 கிலோ அனுமதி உள்ள டிரெய்லர் என்று வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கே 1,270 கிலோ. அதோடு கொண்டியின் எடை, புருஷன் பெண்சாதி இருவர், கருவிப் பெட்டி. 1,500 கிலோவைத் தொட்டுவிடும். டிரக் விளம்பரமோ "இத்தனை டன் இழுக்கும்" என்று முழங்கும். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. எவ்வளவு சுமக்கும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டக் கூடாது என்று. பேருக்கு அரை டன் வகை என்று சொல்கிற, ஊரில் அதிகம் ஓடும் பிக்கப்புகளில் அது பெரும்பாலும் 700 முதல் 900 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆகவே பெரிய ஃபிஃப்த் வீலுக்கு, அதே பெயர்க்கணக்கில், ஒரு டன் வகை டிரக் வேண்டும். இன்னும் பெரிதென்றால் பின்னால் இரட்டைச் சக்கரம் போட்டது வேண்டும். "சமாளித்துக்கொள்ளலாம் சார், எல்லோரும் இழுக்கிறார்கள்" என்று விற்பனையாளர் சொல்வார். மலை இறக்கத்தில் அவர் கூட வரமாட்டார்.

டிரெய்லர் விவரத்தாளில் போடும் எடை வெற்று எடை. பாட்டரி, தண்ணீர், பாத்திரம் எதுவும் சேராதது. அதனால் டிரெய்லர் எவ்வளவு சரக்கு ஏற்கும் என்று தனியே ஒரு எண் ஒட்டியிருப்பார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும். பளிங்கு மாதிரி மேடை, இரண்டாவது கழிவறை என்று தொழிற்சாலையிலேயே அனுமதி எடையில் பெரும்பகுதியைத் தின்றுவிட்ட டிரெய்லர்கள் உண்டு. குடியிருக்க வருகிறவருக்கு 800 கிலோதான் மிஞ்சும். 60 காலன் தண்ணீர் நிரப்பினால் அதில் 227 கிலோ போயிற்று. மிச்சத்தில் இரண்டு பேருடைய வாழ்க்கை அடங்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் கிரைண்டரை விட்டுவிட்டு வருவார்களா? ஊருக்குப் போய் வருபவர் வாங்குவதும், குடியிருப்பவர் வாங்குவதும் ஒன்றாக இருக்க முடியாது. வாங்கியபின் சாமான் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். செலவு ஒரு சாப்பாட்டுக் காசுதான்.

இந்த டிரெய்லர்களில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் செய்யப்படுகின்றன. அங்குள்ள தொழிற்சாலைகளில் ஆமிஷ் மக்கள் நிறைய வேலை செய்கிறார்கள். கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிறவர்கள், ஊர் சுற்றுகிறவர்களுக்கு வீடு கட்டித் தருகிறார்கள்! கைவேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை என்று வேகமாகத் தள்ளும் தொழிலில் யார் கைக்கும் அவகாசம் கிடையாது. 2021-ல், கொரோனாவுக்கு அஞ்சி எல்லோரும் டிரெய்லர் தேடிய நேரத்தில், தொழில் மொத்தமாக ஆறு லட்சம் வண்டிகளை அனுப்பியது; அதுவரை காணாத எண்ணிக்கை. அந்த வருஷத்து வண்டியென்றால் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

எங்கே பார்ப்பது? கூரையில். ரப்பர் விரிப்பில் காற்றுப்போக்கியும் ஏசியும் துளைத்து வரும் இடங்களில் பிசின் மாதிரி ஒரு பூச்சு போட்டிருப்பார்கள். வெயிலில் அது வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும், தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவருக்குள் இருக்கும் மரத்தை ஓசைப்படாமல் உளுக்க வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே ஏறிப் பார்த்து, ஒரு குழாய்ப் பூச்சு போட்டால் தீர்ந்தது. இதைச் செய்யாமல் லட்சக்கணக்கில் போட்டு வாங்கியதை அழுக விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். பழைய வண்டி பார்க்கிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மூலை மூலையாகக் குதிகாலால் அழுத்தி நடக்கட்டும். தரை மெத்தென்று இறங்கினால் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் பெரும்பாலும் நின்றே கிழடாகிறது. பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓட்டத்தில் வெடித்தால் சக்கரக் கூண்டைக் கிழித்து மேலே இருக்கும் குழாயையும் பிடுங்கிவிடும்.

சுவரே வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும் ஸ்லைடுகளைப் பற்றி விற்பவரே வேண்டிய மட்டும் சொல்வார். நான் சொல்வது ஒன்றுதான்: எல்லா ஸ்லைடையும் உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் கழிவறைக்குப் போக முடிகிறதா, குளிர்ப்பெட்டி திறக்கிறதா என்று பாருங்கள். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்துமிடத்தில் ஸ்லைடை வெளியே தள்ள இடமிருக்காது. தம்பி மனைவி தயிர்சாதத்தை எப்படி எடுப்பார்?

டெக்ஸஸ் வெயிலில் இரண்டு ஏசி ஓட வேண்டுமானால் 50 ஆம்பியர் இணைப்புள்ளதாகப் பார்க்க வேண்டும். 30 ஆம்பியரில் 3,600 வாட்தான் கிடைக்கும். கழிவுத்தொட்டி பெரிதாக இருப்பது நல்லது. குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மாதக் கணக்கில் தங்க அனுமதி உண்டு. அங்கே வாசலில் சாக்கடைக் குழாய் இருக்காது. குழாய் உள்ள இடத்திலும் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே போட்டுவிடக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மற்றது கோபுரமாகக் காய்ந்து நிற்கும். அதை இடிக்கும் வேலையை விரோதிக்கும் கொடுக்க வேண்டாம்.

உயரமும் நீளமும் தனி வம்பு. வட கரோலினாவின் டர்ஹம் நகரத்தில் 11 அடி 8 அங்குலம் உயரமுள்ள ரயில் பாலம் ஒன்று லாரிகளின் கூரையை உரித்தே பேர் வாங்கியது. 2019-ல் அதை உயர்த்தினார்கள். 12 அடி 4 அங்குலம் ஆயிற்று. இன்றைய பெரிய ஃபிஃப்த் வீல்கள் அதற்கும் மேலே, 13 அடியை ஒட்டி நிற்கின்றன. சாதாரண வழிகாட்டிச் செயலி பாலத்தின் உயரத்தைச் சொல்லாது. தேசியப் பூங்காக்களின் பழைய முகாம்கள் பலவற்றில் 40 அடி டிரெய்லரைத் திருப்பவே இடமில்லை.

காகிதங்களையும் படிக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதப் பத்திரத்தில், நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். சட்டத்தின் பார்வையில் இது உல்லாச வாகனம், வீடு இல்லை. காப்பீடும் முழுநேரக் குடியிருப்பு என்று சொல்லியே எடுக்க வேண்டும். தபால், வாக்குரிமை, வரி எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். மாநில வருமான வரி இல்லாத டெக்ஸஸ்காரர் என்பதால் தம்பிக்கு அதில் கஷ்டமில்லை. அதே டெக்ஸஸின் லிவிங்ஸ்டனில், 1978-ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம் டிரெய்லரிலேயே குடியிருப்பவர்களுக்குத் தபால் வாங்கி அனுப்புகிறது. உடம்பு முடியாமல் போனவர்கள் தங்கள் டிரெய்லரை அங்கேயே நிறுத்தி, சாப்பாடும் கவனிப்பும் பெற்று வாழ ஓர் ஏற்பாடும் வைத்திருக்கிறது.

வாசகருக்கு என் பதில்: அந்த நாலும் வேண்டாம். 32 அடியிலிருந்து 35 அடிக்குள், ஸ்லைடு உள்ளே இருந்தாலும் புழங்க முடிகிற, சரக்குக்கு 1,300 கிலோவுக்குக் குறையாமல் இடம் விட்டிருக்கிற டிரெய்லர், மூன்று நாலு வருஷம் பழையதாகவே இருக்கட்டும். மிச்சப்படும் பணத்தை ஒரு டன் டிரக்கில் போடட்டும். எட்டடித் தொட்டி உள்ளதாக வாங்கட்டும், இல்லாவிட்டால் இறுக்கமான திருப்பத்தில் டிரெய்லரின் மூலை கண்ணாடியை உடைக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், டாலஸ் வீட்டை விற்காமல், ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். மே மாதத்தில் வேண்டாம், ஜனவரியில்.