வீதியில் குடியிருக்கும் குடும்பங்கள்

வீடற்ற தனி மனிதனுக்கு இரவில் தலைசாய்க்க ஓரிடம் கொடுத்தால் சர்க்காரின் கடமை ஒருவாறு தீர்ந்தது எனலாம். மனைவி மக்களுடன் நடைபாதையில் வசிப்பவன் விஷயம் வேறு. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் வீடற்றோர் 17.73 லக்ஷம் பேர், குடும்பங்கள் 4.49 லக்ஷம். அதற்கு முந்திய பத்து வருஷங்களில் நாட்டின் மொத்தத் தொகை சற்றுக் குறைந்தது; நகரங்களிலோ 7.78 லக்ஷத்திலிருந்து 9.38 லக்ஷமாக உயர்ந்தது.

பெரிய நகரங்களில் லக்ஷம் ஜனங்களுக்கு ஒரு விடுதி வேண்டுமென்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டனர். விடுதிகளும் ஏற்பட்டன. ஆனால் ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று என்று பிரித்த விடுதியில் தகப்பன் ஓரிடம், தாய் மற்றோரிடம்; அடுப்பு மூட்டவும் தட்டுமுட்டுச் சாமான் வைக்கவும் வசதியில்லை. இதைவிட நடைபாதையே மேலென்று ஒரு குடும்பம் கருதினால் அதைப் பிடிவாதமென்று அதிகாரிகள் சொல்வது நியாயமாகாது. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்திலோ, வீடு கட்ட உதவிபெற விரும்புவோர் சொந்த நிலம் காட்டவேண்டும். நிலமுள்ளவன் நடைபாதைக்கு ஏன் வருகிறான்!

வீதிக்கு வந்தபின் செய்யும் உபகாரத்தைவிட, வராமல் தடுப்பதே முக்கியம். இங்கேதான் நமது சட்டம் கைவிடுகிறது. 1981 ஜூலையில் பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்போவதாக மகாராஷ்டிர முதன் மந்திரி அறிவித்தார். அதன்மேல் எழுந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-ல் தீர்ப்பு வந்தது. ஜீவனோபாயமும் ஜீவிக்கும் உரிமையில் அடங்கும் என்ற அதன் தத்துவத்தை வக்கீல்களாகிய நாம் மெச்சாத நாளில்லை. ஆனால் வாதிகளுக்குக் கிடைத்தது, அக்டோபர் 31 வரை, அதாவது மழைக்காலம் கழியும்வரை, தவணை. 1976-ம் வருஷத்துக் கணக்கில் பதிவானவர்களுக்கு மாற்றிடம் தரவேண்டுமென்றனர். எனினும் அகற்றுவதற்கு அது முன்நிபந்தனையன்று என்றும் சொல்லிவிட்டனர். அந்த ஒரு வாசகத்தால் விளைந்த தீங்கு கொஞ்சமன்று.

2024 நவம்பர் 13-ல் அதே கோர்ட்டார், கட்டடங்களை இடிக்குமுன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயமென்று விதித்தனர். வரவேற்கத்தக்கதே. ஆயினும் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆற்றங்கரை முதலிய பொது இடங்களிலுள்ளவற்றுக்கு அந்த விதி பொருந்தாதாம்! ஏழைக் குடும்பங்கள் வேறெங்கே இருக்கின்றன?

மாற்றிடம் எதுவாயிருந்தாலும் போதுமென்றும் நாம் கூறவில்லை. சென்னையில் கூவக்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வெகுதூரத்தில் நின்றுவிட்டன.

அமெரிக்காவில் 12 பிரதேசங்களில் 2,282 வீடற்ற குடும்பங்களை வைத்து நடத்திய பரீக்ஷையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. நீடித்த வாடகை உதவி பெற்றவர்களிடையே மீண்டும் வீடிழப்பது பாதிக்குமேல் குறைந்தது. மூன்று வருஷச் செலவோ வழக்கமான விடுதி முறையைவிடச் சுமார் நூற்றுக்கு ஒன்பதுதான் அதிகம்.

ஆகவே, மாற்றிடம் கொடாமல் எந்தக் குடும்பத்தையும் அகற்றலாகாதென்று சட்டசபை சட்டம் செய்யவேண்டும். அவ்விடம் தொழிலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அது ஆயத்தமாகும்வரை வாடகையை நகரசபை கொடுக்கவேண்டும்.