காயம் ஆறினால் போதுமா?

இடம்பெயர்ந்த எமது விவசாயிகள் பலர் பிறருடைய அரிசி ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் நாட்கூலிக்கு உழைக்கின்றனர். பழக்கமில்லாத இயந்திரங்களுக்கருகே நிற்கும் அவர்களுக்கு விபத்து நேர்வதுண்டு.

அவர்களுள் ஒருவரை நாம் அறிவோம். ஆலையின் பெல்ற்றில் சிக்கி வலக்கையின் இரு விரல்களை இழந்தார். முதலாளி அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். செலவுக்கும் பணம் கொடுத்தார். ஆனால் 'வீட்டில் நடந்த விபத்து' என்று பதியச் செய்துவிட்டார். வலியில் துடித்தவர் மறுத்துப் பேசவில்லை. துண்டு வெட்டி வந்து, காயமும் ஆறியது. மண்வெட்டியைத் தூக்கியபோதுதான் கையில் பிடி இல்லை என்பது தெரிந்தது. நட்டஈடு கேட்கப் போனபோது, கையிலிருந்த ஒரே கடதாசி அவருக்கே எதிராக நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பாளி. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை, வாய்ச்சொல்லே போதும். சொந்தத் தோட்டத்தில் நமக்கு நாமே வேலை செய்யும்போது படும் காயம் இதில் அடங்காது.

சில காலம் மட்டும் வேலை செய்ய இயலாதவருக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு உண்டு. நிரந்தர இயலாமைக்கு மொத்தத் தொகை உண்டு. விரல், கை, கண் போன்றவற்றின் இழப்புக்கு எத்தனை வீதம் என்பதைச் சட்டத்தின் அட்டவணையே கூறுகிறது. அதில் இல்லாத காயங்களுக்கு, உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதற்கு வைத்தியரின் மதிப்பீடே ஆதாரம். ஆகவே காயம் ஆறியது என்ற சான்று வேறு, உழைக்க முடியுமா என்ற சான்று வேறு.

நாம் செய்ய வேண்டியவை

1. எங்கே, எந்த வேலையில், எப்படிக் காயப்பட்டது என்பதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள். பேச இயலாவிட்டால் உடன் செல்பவர் சொல்லட்டும்.

2. வைத்தியசாலை அட்டை, கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள் எதையும் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வேறாக வையுங்கள்.

3. விபத்தை முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கண்டவர்களின் பெயர்களையும் குறித்து வையுங்கள்.

4. ஆற்றலை மதிப்பிடும் வைத்தியரிடம் ஆலை வேலையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நிரந்தர இயலாமையை அளக்கும்போது, விபத்துக்கு முன் நீங்கள் செய்யக்கூடியதாக இருந்த எல்லாத் தொழில்களும் கவனிக்கப்படும். உழவும் நாற்று நடுகையும் அறுவடையும் உங்கள் தொழில்களே.

5. முதலாளி தம் செலவில் வைத்தியப் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். மறுத்தால் உரிமை பாதிக்கப்படலாம்.

கோரிக்கைக்குக் கால எல்லை உண்டு. எனவே தாமதியாமல் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரித்து, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள்.

'கை தந்த முதலாளியோடு வழக்கா?' என்று தயங்குவோர் நம்மிடையே உண்டு. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது அவரது நல்ல மனம். நட்டஈடு அவரது கடமை. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நாளை காணிக்குத் திரும்பும்போது மண்வெட்டி பிடிக்கப் போவது அந்தக் கைதான்.