பூனைக்குப் பொறி வேண்டுமா?

பூனை நம் இல்லங்களுக்குப் புதிய பிராணி அன்று. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயருக்கே 'பூனைக்குட்டியின் தந்தை' என்பதுதான் பொருள். உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமான பிராணி அன்று என்ற நபிமொழியை அப்போது எடுத்துரைத்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆனால் பூனை அசுத்தமன்று என்பது வேறு. அதன் கழிவு நஜீஸ் என்பது வேறு. தொழுகை நடக்கும் வீட்டில் அக்கழிவை எவ்வாறு அகற்றுவது என்பதே பூனை வளர்ப்போரின் அன்றாடக் கவலை.

ஓட்டு வீடும் கொல்லைப்புற மண்ணும் இருந்தவரை குன்னத்தூர் போன்ற ஊர்களில் இக்கவலை எழவில்லை. பூனை தானே மண்ணைப் பறித்து, காரியம் முடிந்ததும் மூடிவிட்டு வந்தது. இன்றோ பனியன் தொழிலை நம்பி வாழும் பல குடும்பங்களுக்கு மாடி வீடுதான் வாய்க்கிறது. கணவனும் மனைவியும் காலையில் கம்பெனிக்குப் போனால் இரவில்தான் திரும்புகின்றனர். இத்தகையோரின் கண்ணில்தான், கழிவைத் தானே அகற்றும் தானியங்கி லிட்டர் பாக்ஸ் என்னும் விளம்பரம் படுகிறது.

வந்த வழி

வீட்டுக்குள் பூனைக்கென மண் வைக்கும் வழக்கத்தை வாணிபமாக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்டு லோ. 1947-ஆம் ஆண்டில், ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணை அவர் பைகளில் அடைத்து விற்றார். ஈரம் பட்டதும் கட்டியாகத் திரளும் பென்டோனைட் களிமண் பின்னர் பரவியது. நம் நாட்டில் குஜராத்தின் கச்சுப் பகுதியில் அது வெட்டி எடுக்கப்படுகிறது. 1990-களில் கழிவை வாரித் தள்ளும் சீப்புடன் கூடிய மின்பெட்டிகள் வந்தன. அடுத்து வந்தவை சுழலும் உருளைகள். பூனை வெளியேறிய சில நிமிடங்களில் உருளை சுழன்று, மண்ணைச் சலித்து, கட்டியைக் கீழ்த்தட்டில் தள்ளிவிடும்.

ஆபத்து எங்கே?

எல்லாப் பொறிகளும் ஒன்றல்ல. சிலவற்றில் வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். உருளை சுழன்றாலும் பூனை வெளியே குதித்துவிடலாம். வேறு சிலவற்றிலோ வெளிக்கூட்டின் வாசல் அசையாது நிற்க, உள்ளிருக்கும் உருளையின் வாசல் அதைக் கடந்து நகரும். அசையும் விளிம்பும் அசையாத விளிம்பும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒன்றையொன்று தாண்டுகின்றன. அந்நேரத்தில் பூனை தலையை நீட்டினால் கழுத்து நடுவில் அகப்படும். பெயர் தெரியாத மலிவுப் பொறிகளில் இவ்வாறு சிக்கிப் பூனைகள் இறந்ததாகப் பல நாடுகளிலிருந்து அண்மை ஆண்டுகளில் செய்திகள் வந்துள்ளன.

எடையை அறியும் உணரியும், அகச்சிவப்புக் கதிர் உணரியும் உள்ளனவே என்று விற்பவர் சொல்லக்கூடும். மூன்று மாதக் குட்டியின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான். அதனினும் சிறியதைச் சில உணரிகள் உணர்வதில்லை. கருமயிர் கதிரைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். மின்சாரம் போய்த் திரும்பியதும் சில பொறிகள் தாமாகவே ஒருமுறை சுழலும். நம் ஊர் மின்தடையை நீங்கள் அறிவீர்கள்.

தொழிற்சாலை இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு அமைக்க வேண்டும் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு விதித்தது. கட்டிங் மேசையருகே நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். தொழிலாளிக்கு ஆபத்தை உணர்ந்து விலகும் அறிவும் உண்டு. கூச்சலிட்டால் சுவிட்சை அணைக்க ஆளும் உண்டு. பூட்டிய வீட்டில் பூனைக்கு யார் இருக்கிறார்?

வாங்கியே தீர வேண்டுமென்றால்

சுழலும்போதும் வாசல் மூடாத அமைப்பையே தேர்ந்தெடுங்கள். பனியன் வேஸ்ட்டைப் பூனைக் கழுத்தின் பருமனுக்குச் சுருட்டிக் கட்டி, சுழலும்போது வாசலில் வைத்துப் பாருங்கள். பொறி உடனே நின்று பின்வாங்க வேண்டும். நெரித்துக்கொண்டே போனால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருபோதும் கையை விட்டுச் சோதிக்காதீர்கள். பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள். குட்டிகள் உள்ள வீட்டில் தானாக இயங்கும் முறையை நிறுத்திவையுங்கள். நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் சுவிட்சைப் போட்டுச் சுழலச் செய்வதே மேல்.

கண்ணால் பார்ப்பதன் பயன்

பொறி கழிவை மறைத்துவிடுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும் நோய் வரும். பூனை அடிக்கடி தொட்டிக்குப் போய் முக்கும், மண்ணோ நனைந்திராது. இரண்டொரு நாளில் உயிரையே பறிக்கக்கூடிய நோய் இது. கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நாள்தோறும் தொட்டியைக் கையால் சுத்தம் செய்பவர் இதை உடனே கண்டுகொள்வார்.

கர்ப்பிணிப் பெண்கள் மட்டும் இவ்வேலையைப் பிறரிடம் விடுவது நலம். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கலாம்; அது வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும். மலம் வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாட்களில்தான் அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே தினமும் அள்ளிவிடுவதே பெரும் பாதுகாப்பு. அள்ளியபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். பொறியின் கீழ்த்தட்டில் வாரக்கணக்கில் கழிவைத் தேக்கிவைத்துவிட்டு, பின்னர் கவனமின்றிக் கையாள்வது இதற்கு நேர்மாறானது.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது அகலமான ஒரு பிளாஸ்டிக் தட்டும், இரண்டு அங்குல உயரத்துக்கு மண்ணும், ஒரு சல்லடைக் கரண்டியும், நாளுக்கு ஐந்து நிமிடமும்தான். தொழும் இடத்துக்கும் அடுப்படிக்கும் எட்டத்தில் தட்டை வையுங்கள். பூனைகள் எத்தனையோ, அதைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்கட்டும்.

பெருநாளுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குப் போகையில், பொறி பார்த்துக்கொள்ளும் என்று பூனையை வீட்டில் பூட்டிவிட்டுச் செல்லாதீர்கள். பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்ன வெளியே விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அண்டை வீட்டாரிடம் ஒரு சாவியைக் கொடுத்துச் செல்லுங்கள். அவர் நாளுக்கு இருமுறை வந்து பார்த்தால் போதும்.