இரும்புச் சத்து மாத்திரையும் நம் இல்லங்களும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இருவகை மாத்திரைகளைக் காண்கிறோம். ஒன்று, அங்கன்வாடியில் விலையின்றி வழங்கப்பெறும் சிவப்பு மாத்திரை; அது பெரும்பாலும் பட்டை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கும். மற்றொன்று, கடையில் பணம் கொடுத்து வாங்கிய பல வைட்டமின் மாத்திரை. அது நாள் தவறாமல் தீர்ந்துவிடும். விலையில்லாப் பொருளுக்கு மதிப்பில்லை என்னும் உலகியல் மருந்தையும் விடவில்லை போலும்!

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திர மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேருக்கு இரத்த சோகை உண்டு. நாடு முழுவதற்கும் அத்தொகை 57. மூச்சு வாங்குதல், படியேறும்போது நெஞ்சு படபடத்தல், ஓயாத களைப்பு ஆகிய இவற்றை "வேலை மிகுதி" என்று நம் தாய்மார்கள் ஒதுக்கிவிடுகின்றனர். கருவுற்ற காலத்தில் இச்சோகை முற்றினால், பேறுகாலத்து இரத்தப் போக்கைத் தாங்கும் வலிமை உடலுக்கு இராது. குறை எடையுள்ள குழந்தையும் பிறக்கக்கூடும்.

அச்சிவப்பு மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இவ்விரண்டாவது சத்தின் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வந்த கடுஞ்சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றினால் அது குணமாவதைக் கண்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கருவுற்றோர் நான்காம் மாதம் தொடங்கி நாளொன்றுக்கு ஒரு மாத்திரையாக 180 நாளும், மகப்பேற்றுக்குப் பின் மேலும் 180 நாளும் இதனை உட்கொள்ள வேண்டும் என்பது அரசின் திட்டம்.

"மாத்திரை தின்றால் குழந்தை கறுத்துப் பிறக்கும், பெருத்துவிடும், பிரசவம் கடினமாகும்" என்று சொல்வார் உளர். இதற்கு ஆதாரம் சிறிதும் இல்லை. கறுப்பது மலம் மட்டுமே. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் தார்போல் ஒட்டும் மலமும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் காட்டுக. குமட்டல், மலச்சிக்கல், வாயில் உலோகச் சுவை ஆகியவை சிலருக்கு உண்டாகும். அவர்கள் மாத்திரையை எறிந்துவிடாமல், இரவு உணவுக்குப் பின் உட்கொண்டு பார்க்கலாம். ஒன்றுவிட்டு ஒருநாள் கொள்ளுமாறு மருத்துவர் மாற்றித் தருவதும் உண்டு.

வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த நீருடன் கொண்டால் இரும்பு நன்கு ஏறும். நம் வீட்டுக் காப்பியும் தேநீரும் இதற்குப் பகை. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி அருந்துக. பாலும் கால்சியம் மாத்திரையும் அவ்வாறே. தைராய்டு மாத்திரை கொள்வோர் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

"சித்தூர்ச் சீமையின் ராகி சங்கடி இருக்க மாத்திரை எதற்கு?" என்று கேட்கலாம். கேழ்வரகு நல்ல உணவே, ஐயமில்லை. ஆயினும் 100 கிராம் கேழ்வரகில் இரும்பு சுமார் 4 மில்லி கிராமே. அதிலும் சிறுபகுதியே உடலில் சேரும். ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லி கிராம் வேண்டும் என்கிறது. முருங்கைக் கீரையும் நெல்லிக்காயும் கொய்யாவும் துணை நிற்கும். சோகை முற்றியபின் அவை மட்டும் போதா.

நிற்க. பல வைட்டமின் மாத்திரை யாருக்கு? உணவு செல்லாத முதியோர்க்கும் நோயினின்று மீள்வோர்க்கும் மருத்துவர் தருவது வேறு. நலமுள்ளவர் "தெம்புக்காக" விழுங்குவதில் பயன் குறைவு. பலவற்றில் இரும்பு மிகச் சொற்பம்; உடனிருக்கும் கால்சியம் அதனையும் தடுக்கும். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவிலுள்ள சிசுவுக்கே ஊறு. மரக்கறி உண்போர்க்கு பி12 குறைவால் சோகை வருவதுண்டு. அதற்கு இரும்பு பயன்படாது. ஃபோலிக் அமிலம் மட்டும் கொண்டால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்புகளோ உள்ளே நலிந்துகொண்டிருக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு. ஆடவர்க்கும் மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்கும் சோகை காணின், வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என ஆராய்தல் வேண்டும். தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் சொல்லின்றி இரும்பைத் தொடவே கூடாது.

இறுதியாகக் குழந்தைகள். சர்க்கரைப் பூச்சுடைய சிவப்பு மாத்திரை மிட்டாய்போல் தோன்றும். பெரியவர்க்குரியவற்றில் சிலவற்றை விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. முதலில் வாந்தி வரும். பின் சில மணி நேரம் குழந்தை தெளிந்ததுபோல் இருக்கும். அத்தெளிவை நம்பி வீட்டில் வைத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்கு விரைக. மாத்திரைப் பட்டையையும் கையோடு எடுத்துச் செல்க; எத்தனை குறைந்தன என்பதே மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி.