தளத்தைப் பிரிக்காமல் தீராது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுத் தச்சர்களான எங்களுக்கு ஓய்வே இல்லாத காலம் அது. அப்படியொரு தடைக்காலத்தில், நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் கரையேற்றியிருந்த பழைய மரப்படகு ஒன்றுக்கு மேல்தளம் மாற்றும் வேலை என்னிடம் வந்தது. அடிப்பக்கம் உறுதியாகவே இருந்தது. தளத்தில் உளியை வைத்து அழுத்தினால் மட்டும் சதக்கென்று உள்ளே இறங்கியது.

"அண்ணே, எல்லாத்தையும் பிரிச்சா செலவு தாங்காது. மேல ஃபைபர் அடிச்சு மூடிருங்களேன்" என்றார் படகுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடல் தண்ணீர்தான் மரத்தை அரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் பலகையைக் கப்பல்புழு துளைக்கும், உண்மைதான். ஆனால் மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். தளத்துக்கு அது மேலிருந்து மழையாகவும், கீழே மீன் அறையில் உருகும் ஐஸாகவும் கிடைக்கிறது. ஈரத்தோடு ஃபைபர் போட்டு மூடினால் வெளியே பளபளக்கும். உள்ளே உளுப்பு பலகையைத் தின்றுவிட்டு உத்திரத்துக்குப் போகும். தெரியவரும்போது படகே கைவிட்டுப் போயிருக்கும்.

தளம் ஆள் நடப்பதற்கு மட்டுமல்ல. குறுக்கு உத்திரங்களோடு சேர்ந்து அதுதான் படகின் இரண்டு பக்கங்களையும் விலகாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் எல்லா உத்திரங்களையும் ஒரே நாளில் கழற்றவே மாட்டேன். உள்ளே முட்டுக் கொடுத்து, ஒன்றை எடுத்து, அதே வளைவில் புதியதைச் செதுக்கிப் பொருத்திய பிறகே அடுத்ததில் கை வைப்பேன். நடுவில் மேடு தட்டிய அந்த வளைவு முக்கியம். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓடாமல் தளத்திலேயே தேங்கும்.

மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். ஆகவே குறுகலான பலகைகளே நல்லது. வெட்டுமுகத்தில் வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவேன். வளையம் படுத்திருந்தால் சுருக்கமும் அதிகம், மேல்முகம் சிலும்பாகவும் எழும்பும்.

எனக்கு மிகப் பிடித்த வேலை கலப்பத்து அடிப்பது. பலகைகளின் இடுக்கு மேலே சற்று விரிந்தும் கீழே நெருங்கியும் இருக்கும்படி இழைத்து, பஞ்சுத்திரியை மழுங்கிய உளியால் அடித்து இறக்க வேண்டும். தளர்ந்தால் ஒழுகும். அளவுக்கு மீறி இறுக்கினால், மரம் உப்பும்போது பலகையையே தள்ளிவிடும். திரி சரியாக உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை கெட்டியாக மாறும். கண்ணைவிடக் காதை நம்ப வேண்டிய இடம் அது. அதன்மேல் தண்ணீர் புகாத பூச்சு. ஸ்குரூத் தலைகளையும் பள்ளத்தில் இறக்கி மரக்கட்டை வைத்து மூடிவிடுவேன், அந்தத் துளை வழியாகவும் மழை இறங்கும் என்பதால்.

1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமாலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதக்கிறது. கெட்ட பாகத்தை மூடி மறைக்காமல் மாற்றிக்கொண்டே வந்தால் மரத்துக்கு அவ்வளவு ஆயுள் உண்டு என்பதைப் படகுக்காரருக்குச் சொன்னேன்.

வேலை முடிந்ததும் அவர் குழாய்த் தண்ணீரில் தளத்தைக் கழுவப் போனார். தடுத்தேன். தினமும் கடல் தண்ணீரில் கழுவச் சொன்னேன். கரையில் நிற்கும்போது மீன் அறையின் மூடியைத் திறந்துவைத்துக் காற்று போகவிடவும் சொன்னேன்.